பருத்திக்காடு தந்த பாடகர் கார்ல் பெர்க்கின்ஸ்

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அக்கலையால் பெரும்புகழ் எய்தியவரையே முதலிற் குறிப்பது வழக்கம். அதற்கு வடிவம் கொடுத்தவரும், அவருக்குக் கற்பித்தவரும் பின்வரிசையில் மறைந்துவிடுவதுண்டு. அமெரிக்க நாட்டின் ராக்கபில்லி இசையைப் பற்றிப் பேசுங்கால் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரே முன்நிற்கின்றது. ஆயின், அவ்விசையை வளர்த்தெடுத்த கார்ல் பெர்க்கின்ஸின் வாழ்க்கை, புகழ் வேறு, பெருமை வேறு என்பதை நமக்கு உணர்த்துவதாகும்.

வயலே பள்ளி

டென்னசி மாநிலத்தின் வடமேற்கே, டிப்டன்வில் என்னும் சிற்றூரின் அருகில் 1932 ஏப்ரல் 9ஆம் நாள் கார்ல் பிறந்தார். அவர்தம் பெற்றோர், பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்டு, விளைச்சலில் ஒரு பங்கை நிலவுடைமையாளருக்கு அளித்துவந்த ஏழை வெள்ளையர். ஆறு வயதிலேயே கார்லும் பருத்திக்காட்டில் உழைக்கத் தொடங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் பள்ளிக்கூடங்களிலும் பிரித்துவைக்கப்பட்டிருந்த காலம் அது. எனினும் வறுமை அவர்களைப் பருத்திக்காட்டில் அருகருகே நிறுத்தியது.

அங்கே உழைத்துவந்த ஜான் வெஸ்ட்புரூக் என்னும் கறுப்பின முதியவரே சிறுவன் கார்லுக்குக் கித்தார் வாசிக்கும் நெறியைக் காட்டினார். வானொலியில் நாஷ்வில் நகரத்துக் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சி வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்களை வழங்கியது. வயலில் முதியவரின் புளூஸ் இசை ஒலித்தது. இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் கலந்தன. அறுந்த நரம்புக்கு மாற்று வாங்க வசதியின்றி முடிச்சிட்டு வாசித்ததாகவும், முடிச்சின்மேல் விரலை வழுக்க இயலாமையால் நரம்பை வளைத்து வாசிக்கப் பழகியதாகவும் கூறுவர்.

ராக், மலைநாட்டு மக்களைக் குறிக்கும் ஹில்பில்லி ஆகிய இரு சொற்கள் இணைந்ததே ராக்கபில்லி என்னும் பெயர். சொல்லில் நேர்ந்த அவ்விணைப்பு, கார்லின் இசையில் முன்னரே நிகழ்ந்துவிட்டது எனலாம்.

வெற்றியும் விபத்தும்

தமையன் ஜே, தம்பி கிளேட்டன் ஆகியோருடன் ஜாக்சன் நகர மதுக்கடைகளில் கார்ல் இரவுதோறும் பாடிவந்தார். 1954இல் வானொலியில் எல்விஸின் பாடலைக் கேட்டதும், தாம் பாடிவரும் இசைக்கும் இடமுண்டு என்று துணிந்து, மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் இசைத்தட்டு நிறுவனத்தை நாடினார்.

அங்கே 1955 டிசம்பரில் பதிவான 'புளூ சுவேட் ஷூஸ்' என்னும் பாடல் 1956 சனவரி முதல் நாளில் வெளிவந்தது. நடன அரங்கில் ஓர் இளைஞன் தன் காலணியை மிதித்துவிடாதே என்று உடன் ஆடியவளைக் கடிந்த சிறு நிகழ்ச்சியே அதன் கரு. அவ்வரிகள் முதலில் எழுதப்பட்டது உருளைக்கிழங்குப் பையின் தாளிலாம். நாட்டுப்புற இசை, கறுப்பரின் இசை, பொது இசை ஆகிய மூன்று பட்டியல்களிலும் அது முன்னணி இடங்களைப் பிடித்தது.

இந்நிலையில் நாடறியப் பாடும் வாய்ப்பும் வந்தது. 1956 மார்ச் 22ஆம் நாள், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் சென்ற வழியில், டெலவேர் மாநிலத்தில் அவர்தம் கார் விபத்துக்குள்ளாயிற்று. கார்லும் ஜேயும் படுகாயமுற்றனர். கார்ல் உடல் தேறிவந்த நாள்களில், ஏப்ரல் 3ஆம் நாள் எல்விஸ் அதே பாடலைத் தொலைக்காட்சியில் பாடினார். நாளடைவில் அது எல்விஸின் பாடலாகவே பலராலும் கருதப்பட்டது. 1958இல் ஜே காலமானார். கார்லை மதுப்பழக்கம் பற்றிக்கொண்டது.

பகைமை இல்லா நெஞ்சம்

இத்தகைய இழப்பு ஒருவரைக் கசப்புக்கு ஆளாக்குவது இயல்பே. ஆனால் அதே 1956 டிசம்பர் 4ஆம் நாள், கார்லின் ஒலிப்பதிவு நடந்த கூடத்திற்கு எல்விஸ் வந்தபோது, ஜெர்ரி லீ லூயிஸ், ஜானி கேஷ் ஆகியோரும் உடனிருக்க, அங்கே கூடிப் பாடி மகிழ்ந்தனர். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஜானி கேஷின் குழுவில் அவர் கித்தார் வாசித்தார், மதுவையும் கைவிட்டார். தாமே தலைவராய் விளங்கியவர் நண்பரின் பின்னே நின்று வாசித்ததைத் தாழ்வாக எண்ணவில்லை. அவர் இயற்றிய 'டாடி சாங் பேஸ்' பாடல் 1968இல் கேஷின் குரலில் பெரும் வெற்றி பெற்றது.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1964இல் அவர்தம் மூன்று பாடல்களைப் பதிவு செய்தனர். அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றினார். வன்கொடுமைக்கு உள்ளாகும் குழந்தைகளைக் காக்க 1981இல் ஜாக்சனில் தொடங்கப்பட்ட மையத்திற்குக் கார்ல் துணைநின்றார். அது அவர் பெயரையே தாங்கியது. 1987இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1998 சனவரி 19ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதிச் சடங்கிற்கு ஹாரிசனும் வந்திருந்தார்.

நமக்குரிய பாடம்

வெஸ்ட்புரூக்கின் பெயரை உலகம் அறியக் காரணம், மாணவர் அதை மறவாது கூறியமையே. இனப்பிரிவினை கோலோச்சிய மண்ணில், கறுப்பின உழைப்பாளி ஒருவரைத் தம் ஆசான் என ஒரு வெள்ளையர் வெளிப்படக் கூறியது சிறிய செயலன்று. கற்பிப்போர் அனைவரும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அவர்களை அதில் ஏற்றிவைக்கும் ஆற்றல் மாணவர் நாவில் உள்ளது. கார்ல் பெர்க்கின்ஸ் இழந்தது முதலிடம், இழவாதது நன்றியுணர்வு. அதனாலேயே அவர் வாழ்வு மாணவர் கற்கத்தக்க பாடமாகின்றது.