லோரா சைகைப் பெருக்கி

லோரா சைகைப் பெருக்கி என்பது லோரா வகை வானொலி வலையமைப்பின் வீச்செல்லையைக் கூட்டுவதற்காக, வானொலிச் சில்லுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் இணைக்கப்படும் மின்னணுச் சுற்று ஆகும். பெருக்கியை மிகைப்பி என்றும் அழைப்பர். லோரா, மிகக் குறைந்த மின்திறனில் சிறிதளவு தரவைப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பும் நுட்பம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் இயங்கிய சைக்கிலியோ நிறுவனம் இதனை உருவாக்கியது. 2012 இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் சைக்கிலியோவை வாங்கியது. நீர்மானி, மண் ஈரப்பத உணரி போன்ற மின்கலக் கருவிகளில் இது பயன்படுகிறது.

தொலைவும் டெசிபெலும்

தடையற்ற வெளியில் தொலைவை இரட்டிப்பாக்க 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு திறன் தேவை. 25 மில்லிவாட்டை 1 வாட்டாக உயர்த்தினால் 16 டெசிபெல் கூடுகிறது. கணக்குப்படி தொலைவு ஆறு மடங்குக்கும் சற்று மேல். தரையில் இது கிட்டுவதில்லை. கட்டடங்களும் மரங்களும் புவியின் வளைவும் குறுக்கிடுகின்றன. 10 கிமீ இணைப்பின் நடுப்பகுதியில், பார்வைக் கோட்டைச் சுற்றிச் சுமார் 29 மீட்டர் ஆரத்துக்கு அலைகள் பரவிச் செல்கின்றன. 2017 இல் ஐரோப்பாவில் ஒரு பலூன், சுமார் 38 கிமீ உயரத்திலிருந்து 25 மில்லிவாட் திறனில் அனுப்பிய லோரா சைகை 702 கிமீ அப்பால் பெறப்பட்டது. அங்கு உதவியது உயரமே.

திறன் பெருக்கி

அனுப்பும் சைகையை வலுப்படுத்துவது திறன் பெருக்கி. இதனை நுழைவாயிலில் மட்டும் பொருத்தினால் இணைப்பு ஒருபக்கமாகிவிடும். திருவிழா ஒலிபெருக்கியில் பேசுபவர் குரல் ஊருக்கே கேட்கும். ஊரார் சொல்லும் பதில் அவருக்குக் கேட்காது. உணரி வலையமைப்புகளில் பெரும்பாலான தரவு உணரியிலிருந்து நுழைவாயிலுக்கே செல்வதால், இதன் பயன் சிறிது.

உணரியில் பொருத்தினால் மின்கலம் தாங்காது. 40 விழுக்காடு செயல்திறன் கொண்ட 1 வாட் பெருக்கி, 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். நாணய வடிவ மின்கலத்துக்கு இது இயலாத சுமை. மேலும், லோரா ஒரே ஆன்டெனாவில் மாறி மாறி அனுப்பவும் பெறவும் செய்வதால், பெருக்கி இரு நிலைகளுக்கும் இடையே விரைந்து மாற வேண்டும். சைகையைத் தானே உணர்ந்து மாறும் மலிவான பெருக்கிகள், பொட்டலத்தின் தொடக்கக் குறிகளைச் சில வேளை விழுங்கிவிடும்.

குறை இரைச்சல் பெருக்கி

பெறும் பக்கத்தில் பயன்படுவது இது. பெருக்கி சைகையோடு இரைச்சலையும் பெருக்கும் என்பதால், அதனை எங்கே வைப்பது என்பதே முதன்மையான கேள்வி. ஆர்ஜி-58 வகை ஓரச்சு வடம் 10 மீட்டர் நீளத்தில் சுமார் 5 டெசிபெல் இழக்கிறது. வாங்கியின் இரைச்சல் எண் 6 டெசிபெல் எனில் மொத்தம் 11 டெசிபெல். இரைச்சல் எண் 1, பெருக்கம் 15 டெசிபெல் கொண்ட பெருக்கியைக் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவை ஒட்டிப் பொருத்தினால், 1944 இல் ஹரால்டு ஃபிரீஸ் வெளியிட்ட சூத்திரத்தின்படி மொத்தம் ஏறத்தாழ 2 டெசிபெல் ஆகக் குறைகிறது. உணரிகளில் எதையும் மாற்றாமலே 9 டெசிபெல் ஆதாயம். அதே பெருக்கியை வடத்தின் அடியில் பொருத்தினால், வடத்தில் இழந்தது மீளாது. நுழைவாயிலையே கம்பத்தின் மேல் ஏற்றிவிட்டால் பெருக்கி இல்லாமலே 5 டெசிபெல் கிட்டும்; முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுவே. நுழைவாயில் அனுப்பும் வேளையில் பெருக்கியைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழியும் தேவை. இல்லையெனில் அது பழுதாகும்.

நகரங்களில் இந்த ஆதாயம் முழுதாகக் கிட்டாது. வெளியிலிருந்து வரும் இரைச்சலே அங்கு மிகுதி. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 850 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக் கோபுரங்கள் 869 மெகாஹெர்ட்ஸ் முதல் ஒலிபரப்புகின்றன. லோரா பட்டை அதற்கு மிக அருகில் முடிகிறது. கோபுரத்தின் வலிய சைகை பெருக்கியைத் திணறடித்துவிடும். எனவே பெருக்கிக்கு முன்னால் கூர்மையான வடிகட்டி இருத்தல் வேண்டும்.

சட்ட வரம்புகள்

இந்தியாவில் 2005 அறிவிக்கை, 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமமின்றி 1 வாட் அலைபரப்பித் திறனையும், 4 வாட் பயனுறு கதிர்வீச்சுத் திறனையும் அனுமதித்தது. 2021 இல் பட்டை 868 வரை நீட்டிக்கப்பட்டது. ஐரோப்பாவில் 868.0–868.6 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பயனுறு கதிர்வீச்சு 25 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. பொதுவாக ஒரு கருவி 1 விழுக்காடு நேரமே ஒலிபரப்பலாம். சாதாரணச் சில்லே இந்த வரம்பை எட்டிவிடுவதால், அங்கு திறன் பெருக்கிக்கு இடமில்லை. 869.4–869.65 பகுதியில் 500 மில்லிவாட் வரை அனுமதி உண்டு.