பல் வேர் எங்கே முடிகிறது?

ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், நடுநடுவே எக்ஸ்ரே எடுப்பார்கள். எதுக்கு இத்தனை தடவை? வேர்க்குழாயை அடைக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே பிரச்சினை. குறைவாக அடைத்தால் காலியிடத்தில் கிருமி தங்கும். கூடிப்போனால் அடைப்பு நுனித்துளை வழியாக எலும்புக்குள் பிதுங்கும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் இது ரொம்ப ஆபத்து. வேருக்கு அடியிலேயே தாடை நரம்பு ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே.

அடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா, மலாய்க் காட்டு மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே சரக்குதான். 1867இல் செயின்ட் லூயிஸ் பல் மருத்துவர் பௌமன் இதை வேர்க்குழாய்க்குள் பயன்படுத்தினார். நுனியைப் பார்க்க அப்போது வழியே கிடையாது. கை உணர்வும் நோயாளி துள்ளுவதும்தான் அளவுகோல்.

1895இல் எக்ஸ்ரே வந்தது. நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1899இல் குழாய்க்குள் ஈயக் கம்பியை விட்டுப் படம் எடுத்தார். ஈயம் படத்தில் பளிச்சென்று தெரியும், நீளம் கிடைத்துவிடும். எளிமையான யோசனை, ஆனால் அவர் கொடுத்த விலை கொடூரம். கதிர்க்குழாயைச் சரிபார்க்கத் தன் கையையே நீட்டி வந்தார். புற்றுநோய் வந்து விரல்கள் போயின, பிறகு கையே போனது. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். நம் பல் எக்ஸ்ரேக்களுக்குப் பின்னால் இவர் இருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எக்ஸ்ரேயும் முழுசாக நம்பக்கூடியதில்லை. 1955இல் மெக்சிகோவின் குட்லர் நூற்றுக்கணக்கான வேர்நுனிகளை ஆராய்ந்தார். துளை பெரும்பாலும் நுனியின் நட்டநடுவில் இல்லை, பக்கவாட்டில் திறக்கிறது. குழாயின் மிகக் குறுகிய இடம் துளைக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. வயதானால் இன்னும் கொஞ்சம் உள்ளே. தட்டையான படத்தில் அடைப்பு சரியாகத் தெரியும், நிஜத்தில் வெளியே வந்திருக்கும்.

எனக்குப் பிடித்த கட்டம் அடுத்தது. 1942இல் ஜப்பானின் சுசுகி (பைக் கம்பெனி இல்லை!) நாய்களில் சோதித்தபோது, குழாய்க்குள் விட்ட கருவிக்கும் வாயின் உட்தோலுக்கும் இடையே மின்தடை மாறாமல் இருப்பதைக் கண்டார். 1962இல் சுனாடா அதை வைத்து மனிதர்களுக்கே கருவி செய்தார். தடை சுமார் 6.5 கிலோ ஓம் காட்டினால் நுனி வந்தாச்சு. ஒரு மல்டிமீட்டர் மாதிரிதான்! ரத்தமும் ஈரமும் இருந்தால் ஆரம்பக் கருவிகள் குழம்பின. பின்னால் இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு அதைச் சமாளித்தார்கள்.

இப்போதும் அடைத்து முடித்ததும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். நுனி எங்கே என்று கருவி சொல்லும், அடைப்பு எதுவரை போனது என்று அதற்குத் தெரியாது.