ஷட்டரும் சிலம்பும்: பழியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2015 டிசம்பரிலிருந்து எங்கள் காட்டுப்பாக்கத்தில் ஏரி என்றாலே கூடவே ஷட்டர் என்ற சொல்லும் வந்துவிடுகிறது. மேற்கே செம்பரம்பாக்கம். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும் யாரும் இங்கே 'மழை பெஞ்சுது' என்று தொடங்குவதில்லை. 'தொறந்து விட்டுட்டாங்க' என்றுதான் தொடங்குகிறார்கள். இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். திறந்தவர் யாரென்று வாக்கியத்தில் இல்லை. ஆனால் ஒரு கை இருந்தாக வேண்டும் என்பதை அந்த வினைமுற்று வலியுறுத்திக்கொண்டேயிருக்கிறது.

நடந்தது இது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அது திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்தது. ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தின் பிள்ளை மட்டுமல்ல. மணிமங்கலம், ஆதனூர் எனத் தெற்கே கிடக்கும் ஏரிகளின் உபரியெல்லாம் அதில்தான் வந்து விழுகிறது. அவற்றுக்கு ஷட்டர் கதை கிடையாது. எனவே பொதுநினைவில் அவற்றுக்கு இடமும் கிடையாது.

மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்து கடைசி நேரத்தில் திறந்தார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. தலைமைச் செயலாளர் நீண்ட அறிக்கை வெளியிட்டு அதை மறுத்தார். நூறாண்டு காணாத மழை என்பது அரசின் பதில். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. ஏரியில் இன்னும் நீரைத் தேக்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. என் பார்வையில் அந்த அறிக்கையின் முக்கியத்துவம் அது யாரையும் திட்டவில்லை என்பதில் இருக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு நீர், எந்த விதி, எந்தக் கோப்பு என்று கேட்கிறது. பொறுப்பைக் கேட்பதும் பழி சுமத்துவதும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே கோபத்தில் பிறப்பவை என்பதால்தான் அதிகாரம் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தப்பவைக்கிறது.

தமிழ்ப் பிரதிகளுள் இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாக உணர்த்துவது சிலப்பதிகாரம்தான். கண்ணகி மன்னன் அவையில் செய்வது சாபமல்ல, வழக்கு. உன் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம், உடைத்துப் பார். சான்று வெளிப்பட்டதும் மன்னன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு சாகிறான். நீதி என்று பார்த்தால் காப்பியம் அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்கிறது: கோவலன் அப்போது பரதன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்தவன், அந்த வினை இப்போது வந்தது. நூறாண்டு காணாத மழை என்பதற்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? யாரும் செய்யவில்லை, வந்தது என்பதே இரண்டின் சாரமும்.

பள்ளிக்கூடத்தில் நாம் அதிகம் படிக்காத ஒரு பகுதி இதற்குப் பின்னால் இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, நோய் பரவியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி செய்தான்; மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். ஆராயாமல் ஆணையிட்டவன் அரசன். வாளை வீசியவன் குடிபோதையிலிருந்த ஒரு காவலன். அவனைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. செத்ததோ ஆயிரம் பேர், அவர்கள் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் என்பதற்காக. துயரத்துக்குப் பிந்தைய பழி எப்படி ஒரு சாதியின் தலையில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் நம்மிடம் என்ன இருக்கிறது? கற்பின் காப்பியம் என்று பட்டிமன்றம் நடத்தியவர்கள் இந்த ஆயிரம் பேரை எண்ணியதாகத் தெரியவில்லை.

1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. அது கடவுளின் தண்டனையா என்று ஐரோப்பா விவாதித்துக்கொண்டிருக்கையில், மறு ஆண்டு ரூசோ வால்தேருக்கு எழுதிய கடிதத்தில், அத்தனை மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையல்ல என்றார். விண்ணிலிருந்து மண்ணுக்குக் கேள்வியை இறக்கிய வாதம் அது. ஆனால் இதே வாதம் அரசின் வாய்க்குப் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்தது: 'ஆத்தோரம் யாரு வீடு கட்டச் சொன்னது?'

ஆக்கிரமிப்பு என்ற சொல் அப்போது எங்கும் ஒலித்தது. அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டிய விமான நிலைய ஓடுபாதைக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களுக்கும் ஒட்டவில்லை. ஆற்றங்கரைக் குடிசைக்கு மட்டும் ஒட்டியது. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களே வெள்ளத்துக்குக் காரணமானவர்கள் ஆனார்கள். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் சைதாப்பேட்டையைச் சுற்றிப் போய்வந்தவர்களுக்கு வேலை தூரமாயிற்று. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறியது. கொற்கையில் நடந்தது கொலை, இங்கே நடந்தது மறுகுடியமர்வு. இரண்டையும் சமமென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை அதேதான்.

பெரும்பாக்கமும் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. இம்முறை அவர்கள் இருந்தது ஆற்றோரத்துக் குடிசையில் அல்ல, அரசு எண் போட்டு ஒதுக்கிக் கொடுத்த வீட்டில்.