பிளவு வளையச் சக்கரம்

பிளவு வளையச் சக்கரம் என்பது டயரைத் தாங்கும் ரிம் ஒரே துண்டாக இல்லாமல், பிரித்தெடுக்கக்கூடிய எஃகு உறுப்புகளால் ஆன சக்கர வகையாகும். இதன் வளையம் பணிமனைகளில் "லாக் ரிங்" எனப்படுகிறது. டியூப் டயர்கள் பொருத்தப்பட்ட பழைய இராணுவ வாகனங்களிலும் சரக்கு லாரிகளிலும் இவ்வகை காணப்படுகிறது. காற்று நிரம்பிய நிலையில் வளையம் கழன்றால் அருகில் இருப்பவர் உயிரிழக்க நேரிடும்.

அமைப்பு

பெரிய டயர்களின் உள்விளிம்பில் தடித்த எஃகுக் கம்பிகள் பொதிந்திருப்பதால், அவற்றை நெம்பி ரிம்மில் ஏற்றுவது கடினம். இதனால் ரிம்மின் ஒரு பக்க விளிம்பு மட்டும் நிலையாக அமைக்கப்படுகிறது. டயரையும் டியூபையும் மறுபக்கத்திலிருந்து நுழைத்த பின், ஓரிடத்தில் வெட்டப்பட்ட வளையம் காடியில் பொருத்தப்படுகிறது. மூன்று துண்டு வகையில் வெட்டில்லாத பக்க வளையமும் தனியாக இருக்கும். காற்றழுத்தமே வளையத்தைக் காடியில் இறுக்கிப் பிடிக்கிறது. வளையம் சரியாக அமராவிட்டால் அதே அழுத்தம் அதை வெளியே எறிகிறது.

படைத்துறைப் பயன்பாடு

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட அமெரிக்காவின் ஜிஎம்சி 2½ டன் சுமையுந்துகளில் வளையமுள்ள சக்கரங்கள் இருந்தன. அக்கால ஜீப்புகள் பலவற்றில், போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட இரு பாதிகளைக் கொண்ட சக்கரங்கள் இருந்தன. இவற்றில் சக்கரத்தை வண்டியுடன் பிணைக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது பின்னவற்றைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிரியும். ஜபல்பூரில் தயாரிக்கப்பட்ட சக்திமான் போன்ற பழைய படை வாகனங்களைப் புதுப்பிப்போர், பணி தொடங்குமுன் சக்கர வகையைக் கண்டறிதல் இன்றியமையாதது.

ஆபத்தின் அளவு

சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் ஆகும். 20 அங்குல ரிம்மைச் சுற்றி 10 செ.மீ. அகலமுள்ள பரப்பின் மீது இது சுமார் 13 டன் விசையாகிறது. துருப்பிடித்த காடி, வளைந்த வளையம், பொருந்தாத உறுப்புகள், குறைந்த காற்றில் ஓடிய டயர் ஆகியவை விபத்துக்கு முக்கிய காரணங்கள்.

பாதுகாப்பு நடைமுறைகள்

* சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்றுதல். இரட்டைச் சக்கரமாயின் இரண்டிலும் காற்றை வெளியேற்றுதல்.
* பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ காற்றிருக்க ஓடிய டயருக்கு, கழற்றிச் சோதிக்காமல் மீண்டும் காற்று நிரப்பாதிருத்தல்.
* காடியையும் வளையத்தையும் துரு நீக்கி ஆராய்தல். வெடிப்பு அல்லது வளைவு உள்ளவற்றை ஒதுக்குதல். அவற்றைப் பற்றவைத்துச் சீர்செய்தல் கூடாது.
* வெவ்வேறு வகை ரிம்களின் உறுப்புகளைக் கலந்து பொருத்தாதிருத்தல்.
* எஃகுக் கூண்டுக்குள் வைத்து, வால்வில் கவ்வி நிற்கும் முனையும் நீண்ட குழாயும் கொண்டு விலகி நின்று காற்று நிரப்புதல். சங்கிலி கட்டுவதோ கடப்பாரை செருகுவதோ கூண்டுக்கு ஈடாகாது.
* வளையம் பாயக்கூடிய திசையில் எவரும் நில்லாதிருத்தல். காற்றிருக்கும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டாதிருத்தல். அது சரியாக அமரவில்லையெனில் காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னரே திருத்துதல்.

சட்ட விதிகள்

அமெரிக்காவில் பல துண்டு ரிம்களைக் கையாள்வதற்கான பணியிடப் பாதுகாப்பு விதி 1980-இல் வெளியிடப்பட்டது. 1984-இல் அது பெரிய வாகனங்களின் ஒற்றைத் துண்டு ரிம்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பயிற்சி பெறாதவரை இப்பணியில் ஈடுபடுத்தலாகாது என்பது அவ்விதியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகும்.