லாபக் கணக்கும் நாள் கணக்கும்: சிறு நிறுவனத் தொழில் திட்டத்தில் நடைமுறை மூலதனம்

சிறு நிறுவனங்களின் தொழில் திட்டம் பெரும்பாலும் வங்கிக்காகவே எழுதப்படுகிறது. எவ்வளவு கடன் வேண்டும் என்பது முதலில் முடிவாகும். அதற்குத் தோதான விற்பனையும் லாபமும் பின்னர் நிரப்பப்படும். ஆடிட்டர் தயாரிக்கும் 'பிராஜெக்ட் ரிப்போர்ட்'டில் ஐந்தாண்டு லாப நட்டக் கணக்கு தவறாமல் இருக்கும். போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதற்கு அதில் விடை கிடைப்பது அரிது. அந்த நாள் கணக்கிலிருந்தே திட்டம் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வங்கி நடைமுறையும் இக்குறைக்கு ஒரு காரணம். 1991-இல் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவையாகக் கொள்ளப்படுகிறது. 20 விழுக்காடு வங்கியுடையது, 5 விழுக்காடு உரிமையாளருடையது. பணம் மூன்று மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும் என்ற அனுமானம் இதில் பொதிந்திருக்கிறது.

திருப்பூரில் ஆண்டுக்கு 1.20 கோடி ரூபாய் விற்பனையை எதிர்பார்க்கும் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் முடிய 45 நாள். சரக்கு போனபின் பணம் வர 90 நாள். நூல் மில் தரும் கடன் 15 நாள். அந்த 15 நாளை முழு மதிப்புக்கும் கழித்தாலும் சுழற்சி 120 நாள். ஆக 40 லட்சம் தேவை. விதிப்படி வங்கியும் உரிமையாளரும் சேர்ந்து போடுவது 30 லட்சம். 8 விழுக்காடு லாபம் நின்றாலும் ஆண்டு முழுவதற்கும் 9.60 லட்சம்தான், 10 லட்சம் துண்டை அது அடைக்காது. விற்பனை இரட்டித்தால் துண்டும் இரட்டிக்கும். சனிக்கிழமைச் சம்பளமோ காத்திருக்காது. லாபத்தில் ஓடும் கம்பெனி மூன்று வட்டிக்குக் கைநீட்டுவது இப்படித்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் திட்டத்தின் உண்மையான எல்லை தெரியும். சொந்தப் பணம் 6 லட்சம் வைத்திருப்பவர் 120 நாள் சுழற்சியில் தாங்கக்கூடிய ஆண்டு விற்பனை 45 லட்சம் மட்டுமே: தேவை 15, வங்கி 9, சொந்தம் 6. சுழற்சியை 90 நாளாகக் குறைத்தால் அதே 6 லட்சம் 1.20 கோடி விற்பனையைத் தாங்கும்.

இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, திட்டமே தேவையில்லை என்பது. அமெரிக்காவின் 1989 'இன்க். 500' பட்டியலிலிருந்து நூறு நிறுவனர்களை ஆராய்ந்த அமர் பிடே, அவர்களில் 41 விழுக்காட்டினரிடம் தொழில் திட்டம் இருக்கவில்லை என்று கண்டார். ஆனால், கைம்முதல் குறைந்தவர்கள் விரைவில் பணம் ஈட்டும் தொழிலையே நாட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். காகிதத் திட்டத்தை விலக்கும் வாதமும் நாள் கணக்கை விலக்கவில்லை.

இரண்டாவது, சட்டம் காக்கும் என்பது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. ஆயினும் அடுத்த ஆர்டரை எதிர்நோக்குபவர் வழக்குத் தொடுக்கத் தயங்குவார். வெளிநாட்டு வாங்குநரிடம் இச்சட்டம் செல்லுபடியாவதும் கடினம்.

எனவே திட்டத்தின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டியது வாரவாரியான பண வரவு செலவு அட்டவணை. 20 விழுக்காடு என்பது வங்கிக்குக் குறைந்தபட்ச அளவே. நீண்ட சுழற்சியை ஆதாரத்துடன் காட்டுபவர் கூடுதல் வரம்பு கேட்க இடமுண்டு. வாங்குநரிடம் பேசும் பேரமும் இதனால் மாறும். 30 நாள் முன்னதாகப் பணம் வருமானால் விலையில் 2 விழுக்காடு விட்டுக்கொடுப்பது, மூன்று வட்டிக் கடனைவிட மலிவு. லாப நட்டக் கணக்கு அந்த 2 விழுக்காட்டை இழப்பாக மட்டுமே காட்டும்; நாள் கணக்கு அதை மூலதனமாகக் காட்டும்.