மத்தியானம் இரண்டு மணிக்குச் சட்டர் இழுக்கிற நாடு

ஸ்பெயினின் சிறிய நகரமொன்றில் மூன்றரை மணிக்குப் பஸ்ஸால் இறங்குகிற பயணிக்கு முதலில் தெரிவது பூட்டின கதவுகள்தான். சப்பாத்துக் கடை, புத்தகக் கடை, துணிக்கடை எல்லாம் இரண்டு மணிக்கே சட்டர் இழுத்தாயிற்று. திரும்பத் திறக்க ஐந்து மணியாகும். சாப்பாட்டுக் கடைகளில் இன்னொரு கூத்து. பன்னிரண்டு மணிக்குப் போனால் மத்தியானச் சாப்பாடு தொடங்கியிருக்காது, நாலரைக்குப் போனால் குசினி மூடியிருக்கும். இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம். "படுத்து நித்திரை கொள்ளுற சோம்பேறிச் சனம்" எண்டு ஒரே வரியில் முடித்துவிடுகிற பயணக் கதைகள் நிறைய இருக்கின்றன. அந்த வரி பிழை. அது ஏன் பிழை என்று தேடிப்போனால் கையில் அகப்படுவது ஒரு மணிக்கூட்டின் கதை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சியெஸ்டா' என்பது லத்தீனில் ஆறாவது மணி என்று பொருள்படும் 'செக்ஸ்தா'விலிருந்து வந்தது. ரோமர்கள் பகல் வெளிச்சத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஆறாவது பங்கு முடிகிற நேரம் உச்சி வெயில். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதியிலும், கோடைகாலத்தில் ஆறாவது மணிக்குப் பிறகு சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் படுத்திருக்கலாம் என்று இருக்கிறது. கோடையில் நாற்பது பாகை வெயில் அடிக்கிற செவில்லாவிலோ கோர்தோபாவிலோ அந்த நேரத்தில் வெளியே நின்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும்.

சரி, ஆறாவது மணி என்றால் நண்பகல். அப்படியென்றால் ஏன் இரண்டு மணிக்கு?

வரைபடத்தைப் பாருங்கோ. கிறீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்குப் பக்கத்தால் போகிறது. நாட்டின் பெரும்பகுதி லண்டனுக்கும் மேற்கே கிடக்கிறது. 1901 முதல் ஸ்பெயின் கிறீன்விச் நேரத்தைத்தான் வைத்திருந்தது. 1940 மார்ச் 16 இரவு பதினொரு மணிக்கு, பிராங்கோவின் அரசு மணிக்கூட்டைப் பன்னிரண்டுக்குத் தள்ளியது. ஹிட்லரின் பெர்லினோடு நேரத்தைப் பொருத்தத்தான் இப்படிச் செய்தார் என்பது எல்லாரும் சொல்லுகிற கதை. கேட்க நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் நான் அதை முழுசாய் நம்பவில்லை. அதற்கு மூன்று கிழமைக்கு முன்பே பிரித்தானியாவும் பிரான்ஸும் தங்கள் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டன. ஸ்பெயினின் கட்டளையும் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போகிற வசதியைத்தான் காரணமாகச் சொன்னது. அதைவிட முக்கியம், யுத்தம் முடிந்த பிறகும் அது பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை.

இன்றைக்குக் கோடைகாலத்தில் மட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருகிறபோது மணிக்கூடு காட்டுவது இரண்டேகால். மேற்குக் கரையிலுள்ள கலீசியாவில் இரண்டரையும் தாண்டிவிடும். ஆக, இரண்டு மணிக்குக் கடை பூட்டிச் சாப்பிடப் போகிறவர் பிந்திப் போகவில்லை. அவர் உச்சி வெயிலுக்குத்தான் போகிறார்.

மணிக்கூடு அரசியலாகிறது எங்களுக்குப் புதுசில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை ஒரு மணித்தியாலம் முன்னால் போனது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு நேரம்.

ஸ்பெயினில் மணிக்கூடு மட்டும் காரணமில்லை. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிந்திய வறுமையும் சேர்ந்தது. 1952 வரை ரேஷன் அட்டையில் சாப்பிட்ட நாடு அது. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. காலையில் ஒரு கந்தோர், பின்னேரம் வேறொரு வேலை. இடையில் வீட்டுக்கு ஓடிவந்து ஒரு சாப்பாடு. இப்படி இரட்டை வேலை பார்த்த ஆக்களைத்தான் வெளியூர்க்காரர் சோம்பேறி என்கிறார்கள்.

அந்த நீண்ட இடைவெளி இன்றும் சுமைதான். காலை பத்துக்குக் கடை திறக்கிற பெண் இரவு எட்டரைக்குத்தான் பூட்டுகிறாள். நடுவிலே கிடைக்கிற மூன்று மணித்தியாலம், வீடு தூரமென்றால் ஒன்றுக்கும் உதவாது. பிள்ளையைப் பள்ளியால் யார் கூட்டிவருவது? 2006 தொடக்கம் மத்திய அரச ஊழியர்கள் ஆறு மணிக்கு வேலை முடிக்கும்படி ஏற்பாடு வந்தது. 2016இல் பிரதமர் மரியானோ ரஹோய் அதை எல்லாருக்கும் ஆக்குவதைப் பற்றியும், கிறீன்விச் நேரத்துக்குத் திரும்புவதைப் பற்றியும் கதைத்தார். மணிக்கூடு அசையவில்லை. மட்ரிட் பிராந்தியம் 2012இல் கடை நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதில் இலாபம் ஆள்பலமுள்ள பெரிய கடைகளுக்கு. புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிற சின்னக் கடை எந்தப் பலத்தில் நாள் முழுக்கத் திறந்து வைப்பது?

ஆகவே போகத் திட்டம் போடுகிறவர்கள் கோடையில் மணிக்கூட்டில் இரண்டைக் கழித்துப் பார்த்தாலே நாள் தானாக ஒழுங்காகிவிடும். வங்கி, சந்தை, சின்னக் கடை எல்லாம் காலையில். இரண்டு மணிக்கு 'மெனு டெல் தியா': இரண்டு கறிவகை, பாண், குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்பு, எல்லாம் ஒரே விலையில். 1960களில் உல்லாசப் பயணிகளுக்காக அரசு கட்டாயப்படுத்திய சாப்பாட்டிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. மலிவாய் வயிறு நிறைய இதைவிட நல்ல வழி இல்லை. சாப்பிட்டபின் படுங்கோ, இல்லாட்டி பெரிய மியூசியத்துக்குப் போங்கோ. மட்ரிட்டின் பிராதோ மத்தியானம் பூட்டுவதில்லை. கிழமை நாட்களில் ஆறு மணிக்குப் பிறகு அங்கே காசும் இல்லை. இடையில் பசித்தால் பார்களில் தாபாஸ் இருக்கும். மருந்து அவசரமென்றால் பூட்டியிருக்கிற பாமசியின் கதவைப் பாருங்கோ, முறைக்குத் திறந்திருக்கிற பாமசியின் முகவரி அதில் ஒட்டியிருக்கும்.

ஓகஸ்டில் போகிறவர்கள் மட்டும் கவனம். அந்த மாதம் பல குடும்பக் கடைகள் முழுசாகவே பூட்டிவிடும். சட்டரில் ஒரு கடதாசி ஒட்டியிருப்பார்கள், திரும்பி வருகிற திகதியோடு.