புதுக்கோட்டையும் மருத்துவ ஆசிரியரும்: 1835 முதல் இன்றுவரை

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்து, மன்னர் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கிடையே பயின்ற முத்துலட்சுமி 1907இல் மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் போனார். அவர் ஊருக்கு மருத்துவக் கல்லூரி வர மேலும் 110 ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியிலும் அதற்கு முன்னும் மருத்துவ ஆசிரியரிடம் நாம் எதிர்பார்ப்பது எப்படி வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னை மருத்துவப் பள்ளி 1835இல் பொது மருத்துவமனையை ஒட்டித் தொடங்கியது. படைக்கு உதவி மருத்துவர்களைத் தயாரிப்பது அதன் முதல் நோக்கம். அறுவை மருத்துவர் தம் மருத்துவமனைப் பணிக்கு நடுவே பாடமும் சொன்னார். 1850இல் பள்ளி கல்லூரியானது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அதன்பின் பட்டத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதும் ஆசிரியர் கடமையாயிற்று. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்ந்தனர். முத்துலட்சுமி 1912இல் பட்டம் பெற்றார். ஆனாலும் அக்கல்லூரிக்கு இந்தியர் ஒருவர், ஆ. இலட்சுமணசாமி முதலியார், முதல்வராக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறொரு வழியில் சென்றார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். நல்ல ஆசிரியரின் பன்னிரண்டு பணிகளை மருத்துவக் கல்வியாளர்கள் ரொனால்ட் ஹார்டனும் ஜாய் கிராஸ்பியும் 2000இல் பட்டியலிட்டபோது, பாடப்பொருள் உருவாக்குவதும் அதில் இடம்பெற்றது. கிறீனிடம் அப்பணி முன்பே முழுமையாக இருந்தது. நம் கல்வி வரலாறு அவரை ஓரத்தில் வைத்திருப்பது எனக்கு வருத்தமே.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றத்தில் 1975 முக்கியமானது. இந்திய அரசு அமைத்த ஸ்ரீவஸ்தவா குழு அவ்வாண்டில் மருத்துவக் கல்வியைச் சமூகத்தை நோக்கித் திருப்பச் சொன்னது. அதையொட்டி 1977இல் வந்த மருத்துவக் கல்வி மறுநோக்குத் திட்டம் ஆசிரியரையும் மாணவரையும் கிராமங்களுக்கு அனுப்பியது. ஏறத்தாழ அதே காலத்தில் புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் எழுந்தது. சிறந்த மருத்துவராக இருப்பதாலேயே ஒருவருக்குக் கற்பிக்கத் தெரிந்துவிடாது என்பதை ஒப்புக்கொண்ட கட்டம் இது.

2017 ஜூனில் முள்ளூரில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 150 இடங்களுடன் திறக்கப்பட்டது. அங்கே முதல் மாணவர்கள் சேர்ந்த இரண்டே ஆண்டில், 2019இல், திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விரிவுரையோடு ஆசிரியர் பணி முடியாது: ஒவ்வொரு திறனையும் நேரில் கண்டு பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும், நோயாளியிடம் பேசும் முறையையும் அறநெறியையும் கற்பிக்க வேண்டும், வழிகாட்டியாக மாணவரின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும். பின்னர், மாணவர்கள் கிராமக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் சேர்ந்தது.

இவற்றில் தேவையற்றது எதுவுமில்லை. சிக்கல், புதியவை சேர்ந்தபோது பழையவை குறையாததில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் புறநோயாளிப் பிரிவையும் வார்டையும் அறுவை அரங்கையும் பார்ப்பவர்தான் வகுப்பையும் எடுக்கிறார். வழிகாட்டி மாணவருடன் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்; பதவி உயர்வுக் கலந்தாய்வோ அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடக்கூடும். ஆசிரியர் எண்ணிக்கைக்கான விதிகள் மாணவர் இடங்களையும் துறைகளையும் கணக்கில் கொள்கின்றன. ஒரு மாணவருடன் உட்கார்ந்து பேசும் மணி நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதை முதலில் சேர்க்க வேண்டிய இடம் புதுக்கோட்டை போன்ற மாவட்டக் கல்லூரிகள்தாம்.